டியூப் விற்குமுன் துளையைப் பாருங்கள்

பாறை, மரக்குற்றி, ஓடை எனத் தடைகளைக் காலூன்றாமல் கடக்கும் போட்டிக்கானது 'டிரயல்ஸ்' மோட்டார் சைக்கிள். "பஞ்சராகாத டியூப் தாருங்கள்" என்று அதன் சொந்தக்காரர் கேட்டால், விலை கூடியதை உடனே நீட்டிவிட வேண்டாம். முதலில் பழைய டியூபை வாங்கிப் பாருங்கள்.

ஒற்றைத் துளையென்றால் ஆணி அல்லது முள். அதற்கு அடைப்புத் திரவம் உதவும். பாம்புக்கடி போல் அருகருகே இரு துளைகள் இருந்தால், டியூப் பாறைக்கும் றிம்முக்கும் இடையில் நசுங்கியிருக்கிறது. இதற்குத் திரவம் அவ்வளவாகப் பயன்படாது. சாதாரண மோட்டார் சைக்கிளில் ஏறக்குறைய 30 பி.எஸ்.ஐ. காற்று அடிப்போம். இதிலோ முன் சில்லுக்குச் சுமார் 6, பின் சில்லுக்கு 4 அல்லது 5 மட்டுமே. கூட்டி அடித்தால் நசுங்குவது குறையும். பாறையில் பிடிமானமும் போய்விடும்.

எனவே, 2.75-21 முன் டயருக்குத் தடித்த டியூபே பொருத்தம். அதன் பாரம் கூடுதல் என்பதையும் சொல்லிவிடுங்கள். பின்னால் 4.00-18 டியூப்லெஸ் டயரே வழக்கம். அதற்குரிய றிம் இருந்தால், நசுங்குவதற்கு டியூபே இல்லை. கம்பித் துளைகளுள்ள சாதாரண றிம்மில் காற்று நிற்காது.

பஞ்சரே ஆகாத டியூப் எங்கும் கிடையாது. உண்டென்று சொல்லி விற்றால் ஒருநாள் இலாபம். உள்ளதைச் சொல்லி விற்றால் வாடிக்கையாளர் நிலைப்பார்.