உங்களுக்குத் தெரியுமா? ‘பேகன்’ என்றால் நாட்டுப்புறத்தவர்

துணுக்காய்ப் பக்கக் குளக்கட்டில் ஐயனாருக்குப் பொங்கும் கமக்காரரைப் பழைய ரோமர் ஒருவர் கண்டிருந்தால், ‘பகானுஸ்’ என்றிருப்பார். வசையாக அல்ல. இலத்தீனில் ‘பாகுஸ்’ என்றால் நாட்டுப்புற வட்டாரம்; அங்கே வாழ்பவர் ‘பகானுஸ்’.

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் இச்சொல்லைப் பழைய தெய்வங்களை வழிபடுவோருக்குச் சூட்டினார்கள். புதிய சமயம் நகரங்களில் முதலில் வேரூன்றியதும் கிராமங்கள் பழைய வழிபாட்டை விடாததுமே காரணம் என்பர். ‘பகானுஸ்’ என்பதற்குப் படையில் சேராத குடிமகன் என்ற பொருளும் உண்டு. கிறிஸ்துவின் படைக்கு வெளியே நின்றவர் என்ற கருத்தில் அது வந்ததென்பது இன்னொரு விளக்கம். ஆங்கிலப் ‘பேகன்’ இதன் வழிவந்ததே.

போர்த்துக்கேயர் நம்மவரைப் புறச்சமயத்தவர் என்ற பொருளில் ‘ஜென்டியோ’ என்றனர். அதுவே ஆங்கிலேயர் வாயில் ‘ஜென்டூ’ ஆகி, 1776இல் ஆங்கிலேயரான ஹால்ஹெட் வெளியிட்ட இந்துச் சட்டத் தொகுப்பின் தலைப்பிலும் ஏறியது.

தமிழில் மிஷனரிமார் எடுத்தாண்ட சொல் ‘அஞ்ஞானி’, அதாவது மெய்யறிவு இல்லாதவர். சைவமும் வேதாந்தமும் உயிரின் அறியாமையைக் குறிக்க வைத்திருந்த ‘அஞ்ஞானம்’ என்ற சொல், அயலவரைச் சுட்டும் முத்திரையானது பெரும் அநியாயம். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1713இல் தரங்கம்பாடியில் அச்சிட்ட தமிழ்ச் சிறுநூலின் பெயரே ‘அக்கியானம்’, அதாவது அஞ்ஞானம். அதே ஆண்டில் அவர் தமிழரின் தெய்வங்களைப் பற்றிப் பொறுமையாகத் தகவல் திரட்டி ஒரு பெருநூலும் எழுதினார். அது சென்னையில் அச்சேற 1867 வரை காத்திருந்தது.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1854இல் ‘சைவதூஷணபரிகாரம்’ வெளியிட்டு, ஆலயக் கிரியைகளுக்கு ஒப்பானவற்றை விவிலியத்திலிருந்தே எடுத்துக்காட்டி மிஷனரிமாரின் கண்டனங்களுக்குப் பதில் சொன்னார்.