பச்சைக் கூம்புக்குள் பொற்பொடி

அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கில் ஆகஸ்ட் கடைசியில், பீருக்கு மணமூட்டும் ஹாப்ஸ் கொடிகளை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஐந்தாறு மீட்டர் உயரக் கயிற்றின் உச்சியைத் தொட்டிருக்கும். குளிர்காலத்தில் தரைக்கு மேல் தடயமின்றிக் கருகிப்போய், வசந்தத்தில் வேரிலிருந்து மறுபடி துளிர்த்த கொடி! பற்றுக்கம்பிகூட இல்லை, தண்டின் சொரசொர முடிகளால் கயிற்றைக் கவ்வி, வலஞ்சுழியாகவே ஏறும்.

ஆண், பெண் தனித்தனிக் கொடி. பீருக்கு வேண்டியது பெண்பூ; செதில் அடுக்கிய பச்சைக் கூம்பு. பிளந்தால் செதிலடியில் மஞ்சள் பொடி. மகரந்தம் என்று தோன்றும். பெண்பூவில் மகரந்தம் ஏது? லுப்புலின் என்னும் பிசின் அது. விரலில் ஒட்டிக்கொண்டு மணக்கும். பீரைப் புகழ்வது என் வேலையில்லை. என் கும்பிடு இந்தப் பொடிக்கு.

அதில் கசப்பும் உண்டு, மணமும் உண்டு. கசப்பு தரும் அமிலங்கள் மால்ட் சாற்றில் நன்றாகக் கொதித்தால்தான் உருமாறிக் கரையும். மண எண்ணெய்களோ அதே கொதியில் ஆவியாகிப் பறந்துவிடும். அதனால் வீட்டில் பீர் தயாரிப்பவர்கள், நொதித்து ஆறிய பீரில் ஹாப்ஸைக் கொதிக்கவைக்காமலே போட்டு மூடுகிறார்கள். 'ட்ரை ஹாப்பிங்' என்பது இதுதான். 20 லிட்டருக்கு 50 கிராம் போட்டால், மூன்று நான்கு நாளில் மணம் இறங்கிவிடும்.

மணம் எதனால்? மாங்காயில் இருக்கும் மிர்சீன், மிளகில் இருக்கும் கேரியோஃபிலீன், ரோஜாவில் இருக்கும் ஜெரானியால். படைத்தவனின் அஞ்சறைப்பெட்டி எல்லா ஊருக்கும் ஒன்றுதான் போலும்! ஈஸ்ட் இன்னும் உயிரோடிருந்தால், ஜெரானியாலில் ஒரு பகுதியை எலுமிச்சை சாயலுள்ள வேறொரு மணமாக மாற்றியும் தரும்.

கசப்பும் சும்மா இல்லை. பானத்தைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களில் பலவற்றை அடக்கும், ஈஸ்டைத் தொடாது. எதை விடுவது, எதைத் தடுப்பது என்று ஒரு பூவின் பிசினுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நுண்ணுயிரை எவரும் கண்டிராத 12ஆம் நூற்றாண்டிலேயே, ஹாப்ஸின் கசப்பு பானத்தைக் கெடாமல் காக்கும் என்று ஜெர்மானியத் துறவி ஹில்டெகார்ட் எழுதிவைத்திருக்கிறார்.

பறித்து, உலர்த்தி, குளிரில் மாதக்கணக்கில் வைத்த பிறகும் பூவின் நொதிகள் ஓய்வதில்லை. ட்ரை ஹாப்பிங்கின்போது, ஈஸ்டால் தின்ன முடியாமல் மிஞ்சிய பெரிய சர்க்கரைகளை அவை பீருக்குள் உடைத்துப்போட, அடங்கியிருந்த ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கும். இதை 1893இலேயே பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் பிரவுனும் மோரிஸும் கவனித்துவிட்டார்கள். ஈஸ்டின் இந்த மறுவேலை அடங்குமுன் அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்தால் மூடி தெறிக்கும். சில சமயம் பாட்டிலே வெடிக்கும்.