தொழில் செய்யும் வீட்டுக்கு ஓர் அலுமாரி



வன்னி நிலத்து உழவர் தம் விளைநெல்லைக் காப்பதற்கு அமைத்துக்கொண்ட கொம்பறையை முதியோர் பலர் அறிவர். கம்புகளால் பின்னி, மண்ணும் சாணமும் கலந்து மெழுகி, நிலத்தில் படாதவாறு உயர்த்தி அதனை வைத்தனர். ஈரமும் கறையானும் எலியும் பெரும்பாலும் நிலத்தின் வழியாகவே வருகின்றன என்பதை அவர்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர். எதைக் காக்க வேண்டும், எதனிடமிருந்து காக்க வேண்டும் என்று முதலில் எண்ணிப் பார்த்து, அதன் பின்னரே அவர்கள் கொள்கலத்தை அமைத்தனர். நாமோ இன்று கடைக்குச் சென்று, பளபளப்பையும் விலையையும் பார்த்து, அலுமாரியை முதலில் வாங்கிவிடுகின்றோம். அதில் எதை வைப்பது என்பதைப் பின்னர் யோசிக்கின்றோம். இந்த வரிசையை மாற்றிக்கொண்டால் குறைந்த செலவில் நல்ல பயன் பெறலாம் என்பதே இன்றைய பேச்சின் சாரம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் வீடு என்பது உறைவிடம் மட்டுமன்று. பல குடும்பங்களுக்கு அதுவே தொழிலிடமும் ஆகும். தையல் தைப்போர், பனையோலையில் பெட்டியும் தடுக்கும் இழைப்போர், மாலை வேளையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்போர், சங்கங்களின் கணக்கேடுகளைப் பேணுவோர், கணினியின் துணையால் வீட்டிலிருந்தே வேலை பார்ப்போர் எனப் பலர் இருக்கின்றனர். 2009 ஆம் ஆண்டில் போர் முடிவுற்ற பின்னர் மீள்குடியேறிய மக்களுக்குப் பல திட்டங்களின் கீழ் வீடுகள் கட்டப்பட்டன. 2012 ஆம் ஆண்டில் வடக்கிலும் கிழக்கிலும் விரிவாகத் தொடங்கப்பெற்ற இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5,50,000 ரூபாய் உதவியாக வழங்கப்பட்டது. இவ்வாறு எழுந்தவை பெரும்பாலும் சிறிய வீடுகள். தொழிலுக்கெனத் தனி அறை ஒதுக்க அங்கே இடமில்லை. கூடத்தின் ஒரு மூலையே தையற்கூடமாகவும் அலுவலகமாகவும் விளங்குகின்றது.

அந்த மூலையில் இருக்கும் பொருள்களின் மதிப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். தையற்காரியிடம் இருக்கும் துணி அவளுடையதன்று. பிறர் நம்பிக் கொடுத்தது. அது நனைந்து கறைபட்டால் கூலி போவதோடு, துணியின் விலையையும் கொடுக்க நேரிடும். சங்கப் பொருளாளரின் பற்றுச்சீட்டுகள் கறையான் வாய்ப்பட்டால் அவருடைய நாணயமே ஐயத்துக்கு உள்ளாகும். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை இடப்பெயர்வில் இழந்தவர்கள் அவற்றின் பிரதிகளைப் பெறுவதற்கு எத்தனை அலுவலகப் படிகளை ஏறினார்கள் என்பதை இந்நிலத்து மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2018 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பெய்த பெருமழையால் இரணைமடுக் குளம் நிரம்பி அதன் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான மக்கள் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டனர். 2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் வந்த திட்வா சூறாவளி இலங்கை முழுவதையும் உலுக்கியது. ஆகவே, அலுமாரி தெரிவு செய்வது வீட்டு அலங்காரத்தைப் பற்றிய சிறு செய்தியன்று. உழைப்பையும் உரிமையையும் காப்பதைப் பற்றிய செய்தியாகும்.

இனி, தெரிவு செய்யும் முறையை நோக்குவோம். கடைக்குப் போகுமுன் மூன்று காரியங்கள் செய்தல் வேண்டும். முதலாவது, தொழிலுக்குரிய பொருள்கள் அனைத்தையும் ஒரு பாயில் பரப்பி, நாள்தோறும் எடுப்பவை, கிழமைக்கு ஒருமுறை எடுப்பவை, ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பயனற்றவை இந்த இடத்திலேயே கழிந்துவிடும். அவற்றுக்கென்று அலுமாரி வாங்கும் செலவும் மிஞ்சும். இரண்டாவது, ஒவ்வொரு வகையின் நீள அகல உயரங்களை அளந்து எழுதுங்கள். மூன்றாவது, ஒவ்வொன்றுக்கும் பகை எது என்று குறியுங்கள். காகிதத்துக்குப் பகை ஈரமும் கறையானும். துணிக்குப் பகை தூசியும் பூச்சியும். இரும்புக் கருவிக்குப் பகை துரு. பனையோலைக்குப் பகை பூஞ்சணம்.

அளவைப் பொறுத்தவரை சில விவரங்களை நினைவிற் கொள்ளுதல் நன்று. அலுவலகங்களில் வழங்கும் ஏ-4 தாளின் நீளம் 297 மில்லிமீற்றர். அதாவது ஓரடிக்குச் சற்றுக் குறைவு. எனவே கோவைகளுக்கு 12 அங்குல ஆழமுள்ள தட்டும், தட்டுக்கும் தட்டுக்கும் இடையே 14 அங்குல உயரமும் போதுமானவை. மடித்த துணிக்கு 15 அல்லது 16 அங்குல ஆழம் வேண்டும். இதற்கு மேற்பட்ட ஆழம் பெரும்பாலும் வீணே. பின்வரிசையில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. தெரியாத பொருளை இல்லையென்று எண்ணி மீண்டும் வாங்குவோம். நாள்தோறும் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்திலும், அரிதாக எடுப்பவை அதற்கு மேலும் இருத்தல் வேண்டும்.

தட்டுப் பலகையின் நீளத்திலும் கவனம் தேவை. புத்தகங்களையும் கோவைகளையும் ஓரத்துக்கு ஓரம் நெருக்கி அடுக்கிய ஒரு பலகையின் தாங்கிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை இருமடங்காக்கினால், நடுவில் ஏற்படும் தொய்வு இருமடங்காக நில்லாமல் பதினாறு மடங்காகின்றது. பலகையின் தடிப்பை இருமடங்காக்கினாலோ, தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறைகின்றது. ஆறடி நீளமுள்ள தட்டு ஒன்று நடுவில் வளைந்து நிற்பதற்குக் காரணம் இதுவே. முக்கால் அங்குலப் பலகையானால் இரண்டரை அடிக்கு ஒரு தாங்கி வைத்துவிடுங்கள். விலையுயர்ந்த பலகையை வாங்குவதிலும் பார்க்க, நடுவில் ஒரு கால் கொடுப்பது மலிவானது.

அடுத்து, பகையைப் பார்ப்போம். நம் நிலத்துக் கறையான் மண்ணோடு தொடர்பு கொண்டே வாழ்வது. அது வெளிச்சத்தையும் உலர்ந்த காற்றையும் விரும்பாது. ஆதலால் சுவரிலும் அலுமாரிக் காலிலும் மண்ணாற் குழாய் போன்ற பாதை கட்டிக்கொண்டு மேலேறும். அலுமாரியைச் சுவரில் ஒட்டி வைத்தால் அந்தப் பாதை நம் கண்ணுக்கு மறைந்துவிடும். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் விலக்கியும், நிலத்திலிருந்து ஓரடியேனும் உயர்ந்த கால்களில் நிறுத்தியும் வைத்தால், பாதை தோன்றிய அன்றே தட்டிவிடலாம். கால்களின் கீழ் நீர்க் கிண்ணம் வைக்கும் பழைய வழக்கம் எறும்பைத் தடுக்கும். ஆயினும் தேங்கிய நீரில் நுளம்பு பெருகி டெங்குக் காய்ச்சலுக்கு இடமாகும். நீருக்குப் பதிலாகக் கழிவெண்ணெய் ஊற்றலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் கால்களுக்குக் கல் வைத்து உயர்த்துவதே தகும்.

வெள்ளம் வந்த வீடுகளின் சுவரில் நீர் நின்ற தடம் இருக்கும். காகிதங்களுக்குரிய மிகத் தாழ்ந்த தட்டு அத்தடத்துக்கு மேலே இருத்தல் வேண்டும். ஆயினும் கூரையை ஒட்டிய பரணும் பத்திரமான இடமன்று. ஓடு விலகினால் முதலில் நனைவது அதுவே. உயரமான அலுமாரியைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைத்துவிடுங்கள். குழந்தை ஏறிப் பிடித்தால் அது கவிழாமல் இருக்க வேண்டும்.

இனி, எந்தப் பொருளாற் செய்ததை வாங்கலாம் என்ற வினா எழுகின்றது. மரமே சிறந்தது என்று பொதுவாகச் சொல்லுவர். மரத்திலும் வைரம் என்றும் வெளிறு என்றும் இருவகை உண்டு. வைரம் பாய்ந்த முதிரையும் பாலையும் தேக்கும் கறையானை நெடுநாள் எதிர்த்து நிற்கும். அதே மரத்தின் வெளிற்றுப் பகுதியோ விரைவில் உளுத்துப் போகும். ஆதலால் மரத்தின் பெயரை மட்டும் கேட்டு விலை பேசுதல் ஆகாது. பலகையின் பின்புறத்தையும் விளிம்பையும் பார்த்தல் வேண்டும். நன்கு உலராத மரம் மாரியில் செய்யப்பட்டுச் சோழகக் காற்று வீசும் காலத்தில் சுருங்கும். கதவு கோணும், பொருத்து விடும். காட்டு மரத்தை அனுமதியின்றி வெட்டுவதும் கொண்டு செல்வதும் குற்றமாகும். அத்தகைய மரம் மலிவாகக் கிடைத்தாலும் ஏற்கலாகாது. தச்சரிடம் மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நம் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

பழைய தளபாடத்தை வாங்குவது சிக்கன வழிகளுள் ஒன்று. பழைய தேக்கு அலுமாரியின் மரம் ஏற்கெனவே நன்கு உலர்ந்தது. அது இனிக் கோணாது. வாங்குமுன் லாச்சிகளை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். நுண்ணிய துளைகளும் கீழே புதிய மாத்தூளும் காணப்பட்டால் உளு இன்னும் உயிரோடிருக்கின்றது என்பது பொருள். விரலால் தட்டும்போது பொள்ளென்ற ஓசை எழுந்தால் விட்டுவிடுங்கள்.

மரத்தூளையும் நாரையும் பசையுடன் அழுத்திச் செய்த பலகைகளால் ஆன அலுமாரிகள் விலை குறைந்தவை, பார்வைக்கும் அழகானவை. அவற்றின் மேற்பூச்சு நீரைத் தாங்கும். வெட்டிய விளிம்பு தாங்காது. நிலத்தைக் கழுவும்போது தெறிக்கும் நீரே அடிப்பலகையை ஊதச் செய்துவிடும். ஒருமுறை கழற்றிய திருகாணி மறுமுறை அதே துளையில் இறுகப் பிடிப்பதுமில்லை. எனவே இவற்றை வாங்குவோர் அடிவிளிம்புக்கு வண்ணம் பூசிக் கல்மேல் நிறுத்தி, பாரமற்ற பொருள்களை மட்டும் வைத்தல் வேண்டும். அடிக்கடி வீடு மாறுவோருக்கு இவை ஏற்றவையல்ல.

இரும்பு அலுமாரியைக் கறையான் தின்னாது, பூட்டும் உறுதியானது. ஆயினும் கறையான் மண்பாதை அமைத்து இடுக்கு வழியே உள்ளே புகுந்து காகிதத்தைத் தின்பதுண்டு. முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக் காற்று, பூச்சு உரிந்த இடத்தில் விரைந்து துரு ஏற்றும். வாங்கும்போது கதவின் நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எளிதில் உள்வாங்கினால் தகடு மெல்லியது. கீறல் விழுந்தால் அன்றே வண்ணம் தடவிவிடுங்கள்.

மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் மலிவானவை. நீரும் கறையானும் அவற்றை அணுகா. ஆனால் ஈரக் காகிதத்தை வைத்து மூடினால் ஈரமும் உள்ளேயே சிறைப்பட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். நன்கு உலர்த்திய பின்னரே மூடுதல் வேண்டும். வெயில் படும் இடத்தில் அவை நொறுங்கும். பொத்தான், ஊசி, நூற்கட்டை ஆகியவற்றுக்கு எதையும் வாங்க வேண்டியதில்லை; பால்மாப் பேணியும் பிஸ்கட் தகரமும் போதும். மூடிமேல் ஒரு பொத்தானை ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

பனையோலைத் தொழிலுக்கு வேறு விதி. ஓலைக்குக் காற்று வேண்டும். இறுக மூடிய பெட்டியில் மாரி காலத்தில் ஓலை கறுத்துவிடும். அதனை அளவாகக் கிழித்துக் கட்டுகளாக்கி, கயிற்றிலோ திறந்த றாக்கையிலோ தொங்கவிடுவதே நன்று. இழைத்து முடித்த பெட்டிகளையும் கடகங்களையும் ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி மெல்லிய துணியால் மூடினால் தூசியும் படியாது, காற்றும் தடைப்படாது. இங்கே மிக மலிவான ஏற்பாடே மிகச் சிறந்ததாகவும் அமைகின்றது.

விலையைப் பற்றி இறுதியாகச் சொல்லுவேன். எடுத்துக்காட்டாக, 12,000 ரூபாய்க்கு வாங்கிய அலுமாரி மூன்று ஆண்டில் பழுதானால் ஆண்டுக்கு 4,000 ரூபாய் செலவாகும். 30,000 ரூபாய்க்கு வாங்கியது பதினைந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 2,000 ரூபாயே. ஆயினும் இந்தக் கணக்கை நம்பிக் கடன்பட்டுப் பெரியதை வாங்குங்கள் என்று நான் கூறமாட்டேன். நுண்கடன் சுமை எவ்வளவு கொடியது என்பதற்கு, 2018 ஆம் ஆண்டில் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஓரிலட்சம் ரூபாய் வரையானவற்றுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க நேர்ந்ததே சான்றாகும். அலுமாரி தொழிலைக் காக்க வந்தது. தொழிலே அலுமாரிக்கு வட்டி கட்டும் நிலை வரலாகாது.

எனவே படிப்படியாக வாங்குதல் நலம். முதற்படியாக, முக்கிய பத்திரங்கள் அனைத்தும் அடங்கும் மூடியுள்ள ஒரு சிறு பெட்டி. ஒருவர் ஒரு கையால் தூக்கிச் செல்லத்தக்க பாரமே அதற்கு எல்லை. இரண்டாவது, சுவரில் உறுதியாகப் பொருத்திய இரண்டு திறந்த தட்டுகள். பிறர் துணியும் கணக்கேடும் தூசியின்றி இருப்பதற்கு, பூட்டும் காலும் உள்ள ஓர் அலுமாரி மூன்றாவதாக வரட்டும். கையிற் பணம் சேர்ந்த பின் அதனை வாங்கலாம். அதில்தான் தரத்தைப் பார்த்துச் செலவு செய்ய வேண்டும். ஏனையவற்றுக்குப் பேணியும் கடகமும் போதும்.

மாரி தொடங்குவதற்கு முன், புரட்டாதி மாதத்தில் ஒருநாள் அலுமாரியை வெறுமையாக்கி, வெயிலில் காயவைத்து, கால்களையும் பின்புறத்தையும் பார்த்து, காய்ந்த வேப்பிலையைத் துணிகளின் இடையே வைத்து மீண்டும் அடுக்குங்கள். அந்த ஒருநாள் வேலைக்குப் பணச் செலவு இல்லை. நெல்லைக் கொம்பறையில் இடுமுன் அதனை மெழுகிச் செப்பனிட்ட நம் முன்னோரும் இவ்வாறே செய்தனர்.