வெக்கியூம் கிளீனர் இழுக்கவில்லையா? திருத்தக் கொடுக்குமுன் சற்றுப் பாருங்கள்

வீட்டுக்கு ஒரு வெக்கியூம் கிளீனர் வந்து சேர்வது இலகு. வெளிநாட்டில் தொழில் செய்யும் மகன் கொண்டுவருவார். இல்லாவிட்டால் தவணை முறையில் நாமே கடையில் வாங்கிக்கொள்வோம். ஒரு வருடம் கழியுமுன்னே, "முன்னையைப் போல் இழுக்குதில்லை, சத்தம் மட்டும்தான்" என்ற பேச்சு எழும். பிறகு அது கட்டிலின் கீழே போய்ச் சேரும். தும்புத்தடி மீண்டும் கைக்கு வரும்.

சகோதரிகளே, இப்படி ஒதுக்கப்படும் இயந்திரங்களில் பலவற்றுக்கு உண்மையில் பழுது எதுவும் இல்லை. மூச்சு அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதை அறியாமல் திருத்துபவரிடம் கொடுத்துச் சல்லியைச் செலவழிப்பதும், புதிதாக ஒன்றை வாங்குவதும் வீண்விரயம். அதேவேளை, உண்மையான மின்பழுதைச் சிறு குறையென்று நினைத்துக் கைவைப்பது உயிருக்கே ஆபத்து. எது நாம் செய்யக்கூடியது, எது செய்யக்கூடாதது என்று பிரித்தறிவதே முக்கியம்.

காற்றுதான் அதன் உயிர்

1901 ஆம் ஆண்டு வரை தூசு நீக்க முயன்ற இயந்திரங்கள் பெரும்பாலும் காற்றை ஊதித் தூசைக் கிளப்பின. கிளம்பிய தூசு வேறோரிடத்தில் போய்ப் படிந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளர், ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று சிந்தித்தார். கதிரையொன்றின் மீது கைக்குட்டையை விரித்து, அதன் மேல் வாயை வைத்துக் காற்றை உள்ளே இழுத்துப் பார்த்தார். தூசு கைக்குட்டையில் ஒட்டிக்கொண்டது.

இன்று நம் வீட்டில் இருப்பதும் அதே தத்துவம்தான். மோட்டார் ஒரு விசிறியை மிக வேகமாகச் சுழற்றுகிறது. உள்ளேயுள்ள காற்று வெளியே தள்ளப்பட, வெளிக்காற்று குழாய் வழியாகத் தூசையும் இழுத்துக்கொண்டு விரைகிறது. பையும் வடிகட்டியும் தூசைப் பிடித்துவைத்துக் காற்றை மட்டும் விடுகின்றன. சாதாரண உலர் கிளீனர்களில் அந்தக் காற்றே மோட்டாரின் சூட்டையும் தணிக்கிறது. ஆகவே காற்றுப் பாதை அடைபட்டால் இரண்டு தீங்குகள்: தூசு இழுபடாது, மோட்டாரும் சூடேறும்.

இழுவை குறைந்தால்

முதலில் சுவிட்சை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். பின்னர் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலாவது, கைபிடியில் உள்ள சிறு தள்ளுமூடி. திரைச்சீலையைச் சுத்தம் செய்யும்போது இழுவையைக் குறைப்பதற்காக அது வைக்கப்பட்டுள்ளது. அது திறந்து கிடந்தால் காற்று அதன் வழியே போய்விடும்.

இரண்டாவது, பை. முழுவதும் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டாம். முக்கால் பங்கு நிரம்பியதுமே மாற்றுங்கள் அல்லது கொட்டுங்கள். பாதியே நிரம்பியிருந்தாலும், மாத்தூளோ முகப்பவுடரோ இழுபட்டிருந்தால் பையின் நுண்துளைகள் அடைபட்டிருக்கும்.

மூன்றாவது, வடிகட்டி. ஸ்பொஞ்ச் வடிகட்டியைத் தண்ணீரில் கழுவலாம். ஆனால் நிழலில் ஒரு முழு நாளாவது உலரவிட வேண்டும். மழைக்காலமாயின் இன்னும் ஒரு நாள். ஈரத்துடன் பூட்டினால் தூசு சேறாகிக் கெட்ட வாடை வீசும். கடதாசி வடிகட்டியைக் கழுவக்கூடாது. தட்டித் துப்புரவாக்கலாம், பலனில்லையேல் மாற்ற வேண்டும்.

நான்காவது, குழாய். இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. குழாயைக் கழற்றி, இயந்திரத்தை ஓடவிட்டு, குழாய் பூட்டும் வாயில் உள்ளங்கையை வையுங்கள். அங்கே பலமாக இழுத்து, குழாயைப் பூட்டிய பின் அதன் நுனியில் பலமில்லையானால் அடைப்பு குழாயில்தான். மீண்டும் பிளக்கைக் கழற்றி, குழாயை நேராகத் தொங்கவிட்டு ஒரு நாணயத்தைப் போட்டுப் பாருங்கள். மறுபக்கத்தால் விழாவிட்டால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. பிள்ளைகளின் காலுறை, தலை ஊசி, டொபிக் கடதாசி என எதுவும் இருக்கலாம். முனை மழுங்கிய கம்பால் மெதுவாகத் தள்ளுங்கள். இரும்புக்கம்பி வேண்டாம், குழாய் கிழிந்துவிடும்.

கிழிந்த குழாயிலிருந்து "உஸ்" என்ற ஓசை வரும். அவ்விடத்தில் அகலமான டேப் சுற்றினால் புதிய குழாய் வாங்கும் வரை சமாளிக்கலாம்.

சுழலும் பிறஷ் உள்ள கிளீனராயின், அதில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்ளும். கத்தரிக்கோலால் உருளையின் நீளவாக்கில் வெட்டி எடுங்கள். பிறகும் பிறஷ் சுழலாவிட்டால் அதன் றப்பர் பட்டி கழன்றிருக்கலாம் அல்லது அறுந்திருக்கலாம்.

ஓடிக்கொண்டிருக்கையில் நின்றுவிட்டால்

பல இயந்திரங்களில், மோட்டார் அளவுமீறிச் சூடானால் தானாகவே நின்றுவிடும் பாதுகாப்பு உண்டு. பிளக்கைக் கழற்றி ஒரு மணித்தியாலம் ஆறவிடுங்கள். அதற்குள் பை, வடிகட்டி, குழாய் மூன்றையும் துப்புரவாக்குங்கள். அடைப்பை நீக்காமல் மறுபடியும் ஓடவிட்டால் மறுபடியும் நிற்கும். ஒரு நாள் மோட்டாரே எரிந்துபோகும்.

தொடங்கவேயில்லை என்றால்

அதே இடத்தில் மேசை விளக்கொன்றைப் பூட்டிப் பாருங்கள். விளக்கும் எரியாவிட்டால் குறை கிளீனரில் இல்லை. விளக்கு எரிந்தால், 13 அம்பியர் சதுரமுனைப் பிளக்கினுள் இருக்கும் பியூஸைக் கவனியுங்கள். போயிருந்தால் அதே அளவுள்ள பியூஸையே போட வேண்டும். வெள்ளித்தாளையோ கம்பியையோ சுற்றிப் போடுவது தீக்கு அழைப்பு விடுப்பதாகும்.

இன்னொரு பழக்கத்தையும் கைவிடுங்கள். இரண்டு முனைப் பிளக்கை நுழைப்பதற்காக, மேல் துளையில் பேனையையோ ஈர்க்கையோ செருகுகிறோம். பிள்ளைகளின் விரலையும் ஆணியையும் தடுப்பதற்கென்று வைத்த மூடியை நாமே திறந்துவிடுகிறோம். அதைப் பார்க்கும் பிள்ளையும் அதையே செய்யும். பிளக்கையே மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரமாயின், அடியில் ஒட்டியுள்ள தகட்டை வாசியுங்கள். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். சவூதி அரேபியாவிலும் நெடுங்காலம் 127 வோல்ட் பாவனையில் இருந்தது. அத்தகைய குறைந்த வோல்ட் இயந்திரத்தை நேராக நம் சுவரில் பூட்டினால் கணநேரத்தில் பழுதாகிவிடும்.

தூசு வெளியே பறந்தால்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கூட்டித் துடைக்கும் வேலை செய்த ஜேம்ஸ் மரே ஸ்பெங்ளர் என்பவர் ஆஸ்மா நோயாளி. கூட்டும்போது கிளம்பும் தூசு தாங்காமல், துணிப்பை பூட்டிய மின்கிளீனர் ஒன்றைத் தாமே செய்தார். 1908 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தூசை வீட்டினுள் திரும்ப விடாமல் அடைத்துவைப்பதே இக்கருவியின் நோக்கம் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

கிளீனரின் பின்பக்கத்தால் தூசு வந்தால், பை கிழிந்திருக்கும், சரியாகப் பொருந்தாதிருக்கும், அல்லது வடிகட்டி இல்லாமல் ஓடுகிறது என்று பொருள். உடனே நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசு மூச்சில் கலந்து, தொய்வுள்ள பிள்ளைக்கு இரவில் இழுப்பை உண்டாக்கக்கூடும். பையை எப்போதும் வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, பிள்ளைகளைத் தூரவைத்துவிட்டே கொட்டுங்கள்.

இழுக்கக்கூடாதவை

சாம்பிராணிச் சட்டியின் சாம்பலும் நுளம்புச்சுருளின் சாம்பலும் ஆறிவிட்டதாகத் தோன்றும். உள்ளே சிறு கனல் இருந்தாலும் பையிலுள்ள தூசும் நூலும் தீப்பற்றிவிடும். சீமெந்துத்தூள் வடிகட்டியை அடைத்து மோட்டாரையும் தேய்க்கும். உடைந்த கண்ணாடித்துண்டு பையைக் கிழிக்கும். ஈரத்துக்கும் பாவிக்கலாம் என்று குறிப்பிடப்படாத இயந்திரத்தால் ஒரு துளி தண்ணீரையும் இழுக்க வேண்டாம், மின்தாக்கம் ஏற்படலாம்.

திருத்துபவரிடமே கொடுக்க வேண்டியவை

வயர் வெட்டுப்பட்டிருத்தல், தொட்டால் கூச்சம் தெரிதல், பூட்டியதும் ட்ரிப் சுவிட்ச் விழுதல், புகை வருதல், மின்வயர் எரியும் வாடை வீசுதல் ஆகிய ஐந்தில் ஒன்றைக் கண்டாலும் இயந்திரத்தைத் திறக்க வேண்டாம், மீண்டும் ஓடவிடவும் வேண்டாம். கொடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "காபன் மட்டும் தேய்ந்திருக்குதா, மோட்டாரே போய்விட்டதா?" பல மோட்டார்களின் உள்ளே காபன் கட்டைகள் இரண்டு உண்டு. ஓட ஓட அவை தேயும். அவற்றை மாற்றுவது சிறிய வேலை. மோட்டாரை மாற்றுவதோ பெரிய செலவு.

மற்றப்படி, கிழமைக்கொரு முறை பத்து நிமிடம் ஒதுக்கிப் பையையும் வடிகட்டியையும் பிறஷையும் பாருங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்தே கழற்றுங்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால், மகனாயினும் மகளாயினும், அந்தப் பத்து நிமிடமும் பக்கத்தில் இருத்திக் காட்டிக்கொடுங்கள். அடுத்த மாதம் முதல் அந்த வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.