ஸ்பானிய வக்கீலுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் நோட்டரி பப்ளிக்காக இருப்பவர் ‘நொத்தாரியோ புப்ளிகோ’ என்று ஸ்பானிய மொழியில் விளம்பரம் செய்யக் கூடாது. சட்டமே தடுக்கிறது.

காரணம் இதுதான். ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் நொத்தாரியோ என்பவர் சட்டம் படித்து, கடுமையான தேர்வில் வென்று வந்தவர். வீடு விற்பனை, உயில், அடமானம் எல்லாம் அவர் முன் பத்திரமாகின்றன. அவை சட்டப்படி செல்லுமா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. அமெரிக்க நோட்டரியோ பெரும்பாலான மாநிலங்களில் கையெழுத்திட்டவர் இன்னார்தான் என்று சான்று தருபவர். சட்டப் படிப்பு தேவையில்லை. இது தெரியாத குடியேறிகள் ‘நொத்தாரியோ’ பலகையை நம்பிக் குடியுரிமைக் காகிதங்களை ஒப்படைத்தார்கள். பணம் போனதோடு, தவறான மனுவால் நாடு கடத்தப்படும் நிலைக்கும் ஆளானார்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் இந்த மோசடிக்கு எதிராகத் தனி இயக்கமே நடத்துகிறது.

ஸ்பெயினின் நீதிமன்றத்துக்குள் சிக்கல் இன்னும் நுட்பமானது. பெரும்பாலான உரிமையியல் வழக்குகளில் கட்சிக்காரருக்கு இரண்டு பேர் வேண்டும். ஆலோசனை சொல்லி, மனு எழுதி, வாதாடுபவர் அபொகாதோ. கட்சிக்காரரின் பிரதிநிதியாக மனுவைத் தாக்கல் செய்து, நீதிமன்ற அறிவிப்புகளைப் பெற்று, கெடு தவறாமல் கவனிப்பவர் புரொகுராதோர். 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டுக்கும் ஒரே தகுதி போதும். ஆனால் ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டு தொழிலையும் நடத்த முடியாது.

இங்கிலாந்திலும் சொலிசிட்டர், பாரிஸ்டர் என இரு வகையினர் உண்டு. அதனால் மொழிபெயர்ப்பவருக்குப் புரொகுராதோரைச் சொலிசிட்டர் என்று எழுதிவிடத் தோன்றும். அது தவறு. சட்ட ஆலோசனைதான் சொலிசிட்டரின் முக்கிய வேலை; புரொகுராதோருக்கு அது வேலையே அல்ல. சொலிசிட்டரின் ஆலோசனையும் பாரிஸ்டரின் வாதமும் அபொகாதோ ஒருவரிடமே சேர்ந்திருக்கின்றன. அவரை ‘லாயர்’ என்று பொதுவாகச் சொன்னால் போதும். கொலம்பியாவுக்குப் போனால் கதை மறுபடி மாறுகிறது: அங்கே ‘புரொகுராதோர் ஹெனெரால்’ அரசு அதிகாரிகளின் நடத்தையை விசாரிக்கும் உயர் பதவி.

மஹிஸ்த்ராதோ என்ற சொல்லும் இப்படித்தான். ஸ்பெயினில் அவர் நீதிபதிப் பணியில் மேல்நிலை பெற்றவர். இங்கிலாந்து மாஜிஸ்திரேட்டோ சிறு குற்றங்களை விசாரிக்கும், ஊதியம் பெறாத தன்னார்வலர்.

ஆகவே ஒலியைப் பார்க்காமல் வேலையைப் பார்த்து மொழிபெயர்க்க வேண்டும். நிகரான பதவி இல்லாத இடத்தில் ஸ்பானியப் பெயரை அப்படியே வைத்து, ஒரு வரி விளக்கம் சேர்ப்பதே நேர்மையான வழி. ஐரோப்பிய ஒன்றியமும் இதே வழியில்தான் போகிறது: 1998-ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி, சொந்த நாட்டுத் தகுதியோடு இன்னொரு உறுப்பு நாட்டில் தொழில் செய்யும் வழக்கறிஞர் தம் பட்டத்தைத் தாய்நாட்டு மொழியிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். ரோமில் அலுவலகம் திறந்தாலும் ஸ்பானிய வழக்கறிஞர் அபொகாதோதான்.