மலைப் பாதையில் மோட்டார் கொதித்தால்

1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பெர்த்தா பென்ஸ் என்னும் ஜெர்மானிய மாது, தம் கணவர் சிருஷ்டித்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் இரு புதல்வர்களுடன் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்த யந்திரம் தன் ஜலத்தை ஆவியாக்கியே சூட்டைத் தணித்துக்கொண்டது. ஆகவே அம்மையார் வழிநெடுகத் தண்ணீர் தேட வேண்டியிருந்தது. இன்று குன்னூர் மலைப் பாதையில், கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில், ஆவி பறக்க நிற்கும் காரைக் காணும்போதெல்லாம் அந்த அம்மையாரின் ஞாபகம் நமக்கு வருகிறது.

எரியும் பெட்ரோலின் உஷ்ணத்தில் சாதாரணமாக மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்தைச் சுழற்ற வருவதில்லை. மிச்சத்தில் ஒரு பகுதி புகையோடு போகிறது. மற்றொரு பகுதியை யந்திரத்தைச் சுற்றி ஓடும் திரவம் வாங்கி, ரேடியேட்டரில் கொண்டு சேர்த்துக் காற்றிலே விட வேண்டும். மலை ஏறும்போது யந்திரத்துக்கு வேலை அதிகம்; வண்டி மெல்லப் போவதால் எதிர்க்காற்றோ குறைவு. கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. நம் அடுப்பங்கரைப் பிரஷர் குக்கரின் தத்துவமே அதிலும் இருக்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். மூடிக்குள் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் இன்னொரு மடங்கு சேர்ந்தால், 120 டிகிரி வரை கொதியாது. மூடியின் ரப்பர் வளையம் நைந்திருந்தால் இந்த லாபமெல்லாம் போயிற்று. சூடாக இருக்கும்போது மூடியைத் திருகினாலோ, அடங்கியிருந்த நீர் ஒரு கணத்தில் ஆவியாகி முகத்திலும் கையிலும் பாயும். அவசரப்பட்டு வெந்துபோனவர்கள் அநேகர். அரை மணி நேரமாவது பொறுத்து, மேல் குழாயைத் தொட்டுப் பார்த்துச் சூடு ஆறிய பிறகே துணியைப் போட்டு மெல்லத் திறக்க வேண்டும். காய்ந்த யந்திரத்தின்மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் கூடாது, இரும்பு வெடித்துவிடலாம்.

முள் சிவப்பை நெருங்கும்போதே ஏ.ஸி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுவதும் திறந்துவிடலாம். உள்ளே இருப்பவர்களுக்கு வேர்க்கும். யந்திரத்துக்குச் சற்று ஆறுதல் கிட்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டியதுதான். கொதித்த வண்டியில் முள் திடீரென்று கீழே இறங்கினால் சந்தோஷப்பட வேண்டாம். முள்ளுக்குச் செய்தி சொல்லும் கருவியைத் தொடத் திரவமே இல்லாமற் போயிருக்கலாம்.

காரணத்தைக் கண்டறிய ஒரு கேள்வி போதும்: எப்பொழுது சூடாகிறது? நெரிசலில் நிற்கும்போது சூடேறி, வேகமாக ஓடும்போது தணிந்தால், விசிறியையோ அதன் பியூஸ், ரிலேயையோ சந்தேகிக்கலாம். நின்றால் சரியாக இருந்து, ஏற்றத்திலும் வேகத்திலும் சூடேறினால், பெரும்பாலும் ரேடியேட்டர் அடைத்திருக்கும். கிளப்பிய சில நிமிஷங்களிலேயே சூடேறி, கீழ்க் குழாய் மட்டும் குளிர்ந்திருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று கொள்ளலாம்.

அடைப்புக்குப் பல சமயம் நாமே காரணம். கூலன்டுக்குக் காசு செலவிடாமல் போர் தண்ணீரை ஊற்றுகிறோம். வெந்நீர்த் தவலையின் அடியில் படியும் வெள்ளைக் காரை, ரேடியேட்டரின் மெல்லிய குழல்களில் படியாமல் இருக்குமா? சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இது வைத்தியமன்று. அடைப்பு அப்படியே இருக்க, சமவெளியில் யந்திரம் வேண்டிய சூட்டை அடையாமல் பெட்ரோலைக் குடிக்கும்.

கீழே ஒரு சொட்டும் ஒழுகாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் விஷயம் பெரிது. ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காப்பி நிறத்தில் நுரை படிந்திருக்கிறதா, புகைக்குழாயில் ஓயாமல் வெண்புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இருந்தால் ஹெட் காஸ்கெட் போயிருக்கக்கூடும். அந்நிலையில் தண்ணீர் ஊற்றி ஊற்றி உதகை வரை ஓட்டிவிடலாம் என்று எண்ணினால், ஹெட்டே வளைந்து, சில ஆயிரங்களில் முடியக்கூடிய செலவு பல மடங்காகிவிடும். வண்டியை லாரியில் ஏற்றி மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிவிட்டு, குழந்தை குட்டிகளைப் பஸ்ஸில் அனுப்பிவிடலாம்.