பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் சட்டவிரோதக் குப்பையும்

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் சென்னையின் தென்பகுதியில் உள்ள நீர்நிலையாகும். ஊரார் இதைக் கழுவெளி என்றே அழைத்து வந்தனர். ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்த இந்நிலத்தில் இன்று எஞ்சியிருப்பது ஒரு சிறு பகுதியே.

கீழ்க்கட்டளை, நாராயணபுரம் முதலிய ஏரிகளில் நிரம்பி வழியும் மழைநீர் இங்கு வந்து தேங்குகிறது. பின்னர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. மாணவர்கள் இதனை நீர் நிறைந்த ஓர் அகன்ற தாம்பாளமாக எண்ணிக்கொள்ளலாம். தாம்பாளத்தில் மண்ணைக் கொட்டினால் அதே அளவு நீர் விளிம்பைத் தாண்டும். இங்கே விளிம்பில் இருப்பவை வேளச்சேரி போன்ற குடியிருப்புகள்.

கொட்டப்படும் பொருள்களில் நாற்றம் இல்லாததே அதிகக் கேடு விளைவிக்கிறது என்பது என் கருத்து. வீடு இடித்த செங்கல்லும் காரையும் யாருடைய மூக்கையும் உறுத்துவதில்லை. எனவே புகாரும் எழுவதில்லை. ஆனால் கட்டட இடிபாடு சில லாரி விழுந்ததும் அவ்விடம் மேடாகிறது. மேட்டில் கோரை வளராது, நீரும் நிற்காது. சில ஆண்டுகளில் அது 'வெறும் புறம்போக்கு' போலத் தோன்றும். அடுத்து வேலி வரும், பிறகு கட்டடம் வரும். குப்பை கொட்டுதல் பல இடங்களில் ஆக்கிரமிப்பின் முதல் படி.

மற்றொன்று கழிவுநீர் லாரிகள். இவை இறக்கும் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் குறைக்கிறது. மீனும் நத்தையும் பூச்சிகளும் அழிந்தால் அவற்றை உண்ணும் பறவைகளுக்கு இரையில்லை. பூநாரை, கூழைக்கடா, நீளவால் இலைக்கோழி, தாழைக்கோழி ஆகியவற்றை இங்கே காணலாம். இலைக்கோழி மிதக்கும் இலைகளின்மேல் முட்டையிடும் பறவை. நீர்ப்பரப்பு மூடப்பட்டால் அதற்குக் கூடு வைக்க வேறு இடம் கிடையாது.

சட்டவிரோதமாகக் கொட்டுவோரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நகரின் பெருங்குடி குப்பைக் கிடங்கே இச்சதுப்பு நிலத்தில்தான் பல பத்தாண்டுகளாக இயங்கியது. அங்குள்ள பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பணியை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டது.

2007-இல் இந்நிலத்தின் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், அவற்றின் வரம்புக்குட்பட்ட ஈரநிலங்களில் திடக்கழிவு கொட்டுவதையும் சுத்திகரிக்காத கழிவுநீர் விடுவதையும் தடை செய்கின்றன.

சட்டம் இருந்தாலும் சாட்சி வேண்டும். கொட்டும் லாரியை மறித்துச் சண்டையிடுவது ஆபத்து. மாணவர்கள் அதைச் செய்யவே கூடாது. பாதுகாப்பான தூரத்திலிருந்து வண்டி எண், இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து, இயன்றால் படமெடுத்து, பெரியவர்கள் மூலம் வனத்துறைக்கோ மாநகராட்சிக்கோ எழுத்து மூலம் அளித்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைக்கலாம். வண்டி எண் இல்லாத புகாரின் பேரில் யார்மீதும் நடவடிக்கை எடுப்பது கடினம்.